இல்லாத டிரைவுக்கு நடந்த ஆபரேஷன்

ஸ்கேன் சென்டரில் அவருக்கு வேலை கிடைத்ததும் மாமியார் சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டு, "மாப்பிள்ளை சர்வரைப் பார்த்துக்கிறார்" என்று சொன்னார். கேட்டவர்கள் எந்த ஓட்டல் என்று விசாரித்தார்கள். ஒரு பெரியப்பா, எந்தத் தொழிலும் இழிவில்லை, சிரித்த முகமாக இருந்தால் டிப்ஸ் நிறையக் கிடைக்கும் என்று ஆறுதலே சொன்னார். சர்வர் என்பது சென்டரில் எடுக்கிற படங்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கம்ப்யூட்டர் என்று மாமியாருக்குப் புரிய வைப்பதற்குள் அவர் பெயரே சர்வர் ஆகிவிட்டது. மச்சான்கள் வைத்த பெயர், காற்றில் பறந்த மாதிரி ஆபீசுக்கும் வந்து சேர்ந்தது.

ஆள் மோசமில்லை. வேலை தெரியும். கொஞ்சம் அலட்டிக்கொள்ள ஆசை, அதற்கு வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை. ஸ்கேன் சென்டரில் எல்லோரையும் ஜனங்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். டாக்டரைப் பார்ப்பார்கள். "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்று சொல்கிற டெக்னீஷியனைப் பார்ப்பார்கள். ரிப்போர்ட் கவரைக் கையில் கொடுக்கிற பெண்ணைக்கூடக் கடவுளைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். இவர் தாழ்வாரத்தில் நடந்தால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். ஒழுங்காக ஓடுகிற மெஷினுக்குக் காவல் இருப்பவனை எவன் மதிக்கிறான்?

அவருடைய அறை, முன்பு உடைந்த ஸ்ட்ரெச்சர்கள் கிடந்த இடம். ஏசி மட்டும் நன்றாக வேலை செய்யும், அதுவும் கம்ப்யூட்டருக்காக. தினமும் காலையில் வந்ததும் ஒரு கட்டளை அடிப்பார். எந்தெந்த டிஸ்க் இருக்கிறது, எதில் எவ்வளவு இடம் மிச்சம் என்று திரையில் வரிசையாக வரும். பார்ப்பார், திருப்தியாக ஒரு டீ குடிப்பார். அதற்குப் பிறகு பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்தான் அவரைத் தேடுவார்கள்.

ஒரு நாள் அந்த வரிசைக்கு மேலே புதிதாக ஒரு வரி வந்து நின்றது. எஃப்டி-ஜீரோ என்ற கருவியைப் படிக்க முடியவில்லை, உள்ளீடு வெளியீடு பிழை. மறுபடி அடித்தார். மறுபடி அதே வரி, இந்த முறை இரட்டையாக. முதல் நாள்தான் ஏதோ பழுது வேலைக்காகக் கட்டிடம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தி, பிறகு ஆன் செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் விழித்தபோது தேதிகூடத் தப்பாக இருந்தது. அதைத் திருத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தார்.

நிதானமாக யோசித்திருக்கலாம். ஆனால் அறைக்குள் அந்த நேரம் பார்த்து மேனேஜரம்மா வந்தார். திரையில் பிழை என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த அம்மா முகம் மாறியது. "என்ன சர்வர் இது, டிஸ்க் போகப் போகுதா?" என்று கேட்டார். அவரை அந்தக் கண்ணால் அந்த அம்மா பார்த்தது அதுவே முதல் தடவை. அவர் உடனே பதில் சொல்லாமல், தாடையைத் தடவி, "இப்பவே எதையும் சொல்ல முடியாதுங்க மேடம்" என்றார். டாக்டர்கள் சொல்வதை இத்தனை வருஷம் கேட்டது வீண் போகவில்லை.

பெரிய டாக்டர், அதாவது சென்டரின் முதலாளி, அரை மணி நேரத்தில் நேரிலேயே வந்துவிட்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, நோய் தெரியும். எப்போதிலிருந்து இருக்கிறது, விட்டுவிட்டு வருகிறதா, தொடர்ந்து வருகிறதா என்று விசாரித்தார். கட்டளை அடிக்கும்போது மட்டும் வருகிறது என்று சர்வர் சொன்னார். "அப்போ அசையும்போதுதான் வலி" என்று டாக்டர் தலையை ஆட்டினார். சூடு இருக்கிறதா என்று பெட்டியின் மேல் புறங்கையை வைத்தும் பார்த்தார்.

பிறகு உதிரிபாகம் விற்கிறவரை வரவழைத்தார்கள். அவரைக் கேபிள் அண்ணன் என்பார்கள். எந்தப் பழுதாக இருந்தாலும் முதலில் கேபிளை மாற்றுவார். மாற்றினார். பிழை போகவில்லை. அப்படியென்றால் பவர் சப்ளைதான் என்றார். அதையும் மாற்றினார். அதற்கு அப்புறம் மின்விசிறி. கடைசியில் பெருமூச்சு விட்டு, டிஸ்க் இரண்டுக்கும் ஆயுசு முடிந்துவிட்டது என்று அறிவித்தார். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளைக் கழற்றி, எக்ஸ்சேஞ்ச் என்று தன் பையில் போட்டுக்கொண்டு, புதிது இரண்டை மாட்டினார். எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து படங்களையெல்லாம் ஏற்றி முடித்து, சர்வர் கட்டளை அடித்தார். மேனேஜரம்மா, டாக்டர், கேபிள் அண்ணன் மூவரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். எஃப்டி-ஜீரோவைப் படிக்க முடியவில்லை.

கேபிள் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். இது பாகத்தில் உள்ள கோளாறு இல்லை, உள்ளுக்குள் உள்ளது, இதற்கு மேல் சர்வர் சார் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையோடு நழுவினார். நெருப்பைக் கொளுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போவதில் அவருக்கு நல்ல பழக்கம்.

சர்வர் அன்றைக்குத்தான், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அந்த வரியை முழுதாகப் படித்தார். எஃப்டி-ஜீரோ என்றால் டிஸ்க் இல்லை. பிளாப்பி டிரைவ். ஒரு காலத்தில் சதுரமான மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகுவார்களே, அது. அந்தக் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று பிறந்ததிலிருந்தே கிடையாது. பெட்டியின் உள்ளே இருந்த பொட்டு மாதிரி பேட்டரி செத்துப்போய், மின்சாரம் நின்ற அன்று கம்ப்யூட்டர் தன் அமைப்புகளையெல்லாம் மறந்து, கம்பெனியில் வைத்த பழைய அமைப்புக்குப் போயிருந்தது. அந்தப் பழைய அமைப்பில், பிளாப்பி டிரைவ் உண்டு என்று இருந்தது. டிஸ்க்குகளைக் காட்டு என்று சொன்னதும், அது ஒவ்வொன்றையும் கூப்பிட்டு ஆஜரா என்று கேட்கும். பள்ளிக்கூடத்தில் சேராத பையனின் பெயர் பதிவேட்டில் இருந்தால் வாத்தியார் என்ன செய்வார்? கூப்பிடுவார், பதில் வராது, பையன் வரவில்லை என்பார். அவ்வளவுதான் விஷயம். அமைப்பில் உண்டு என்பதை இல்லை என்று மாற்றினால் தீர்ந்தது. பேட்டரிக்கும் டிரைவுக்கும் சேர்த்து டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கேபிள் அண்ணன் பையில் போன நல்ல டிஸ்க்குகள் ஞாபகம் வந்தன. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறவள், சுற்றிவளைக்கத் தெரியாது. "நாளைக்குப் போனதும் சொல்லிடுங்க. தள்ளிப் போட்டா ஒண்ணுக்கு ஒன்பதாகும்" என்றாள். அவரும் சொல்லத்தான் போனார். வாயைத் திறக்கும் முன் மேனேஜரம்மா முந்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சென்டரையே மூடுவதாக டாக்டர் முடிவு செய்துவிட்டாராம். முழு நாளும் சர்வருக்கே. யாரும் உள்ளே வந்து தொந்தரவு செய்யக் கூடாது, சாப்பாடு கதவு வரைக்கும் வந்துவிடும். டாக்டர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்கச் சொன்னாராம். "பிழைக்குமா?"

இத்தனை மரியாதையை ஒரு பேட்டரிக்காக யார் வேண்டாம் என்பார்கள்? முயற்சி பண்றேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தினார். பேட்டரியை மாற்றினார், அமைப்பைத் திருத்தினார், கட்டளை அடித்தார். வரிசை சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகு நாள் முழுக்க என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் தூங்கினார். பழைய ஸ்ட்ரெச்சர் ஒன்றின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். வந்த சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் முகத்தைக் கழுவி, துடைக்காமலே கதவைத் திறந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற முகத்தை டாக்டர் பார்த்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு சர்ஜன் இன்னொரு சர்ஜனுக்குக் கொடுக்கிற கை அது.

அடுத்த வாரத்திலிருந்து தாழ்வாரத்தில் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள். மேனேஜரம்மா அவருடைய நாற்காலியை மாற்றிக் கொடுத்தார். டாக்டர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் பெரிய டாக்டர் இந்தக் கதையை மேடையில் சொன்னார். எல்லாப் பாகத்தையும் மாற்றியும் தீராத நோயை, ஒரு பாகத்தையும் தொடாமல் தீர்த்த ஆள் எங்களிடம் இருக்கிறார் என்றார். மாமியார் இப்போது போன் போட்டு, மாப்பிள்ளை ஆபரேஷன் பண்றார் என்று சொல்லத் தொடங்கினார். மனைவி மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காதது அவருக்கு என்னவோ செய்தது.

சில மாதங்கள் போயின. ஒரு காலையில் பழைய படங்கள் திறக்கச் சுணங்கின. சில திறக்கவே இல்லை. கட்டளை அடித்தார். மறுபடி பிழை. இந்த முறை எஃப்டி-ஜீரோ இல்லை, நிஜமான டிஸ்க்கின் பெயர். கேபிள் அண்ணன் மாட்டிவிட்டுப் போன புதிய இரண்டில் ஒன்று. இன்னொன்றின் உடம்பும் சரியில்லை என்று சோதனை சொன்னது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இது பேய் இல்லை, நிஜமாகவே வாசலில் வந்து நின்ற திருடன்.

மேனேஜரம்மாவிடம் ஓடினார். டிஸ்க்கை உடனே மாற்ற வேண்டும் என்றார். அந்த அம்மா அசையவில்லை. "போன தடவை எல்லாத்தையும் மாத்தினோம், போச்சா? நீங்க ஒரு நாள் உட்கார்ந்தீங்க, போயிடுச்சு. இந்த ஞாயிறும் உட்காருங்க" என்றார். அது வேறு, இது வேறு என்று சொல்லிப் பார்த்தார். திரையில் வருகிற வரி ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். அதுவும் நியாயம்தான்.

வேறு வழியில்லாமல் பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். பிளாப்பி டிரைவ் என்று ஒன்று இல்லவே இல்லை, பேட்டரிதான் செத்திருந்தது, மாற்றிய பாகமெல்லாம் நன்றாக இருந்தவை, ஞாயிற்றுக்கிழமை தூங்கினேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு அடக்கம் ஆகாதுப்பா. நான் அத்தனை டாக்டருங்க முன்னாடி சொல்லியிருக்கேன். ஒரு பேட்டரிக்காகவா நான் சென்டரை மூடினேன்?"

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்ற பதில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் டாக்டருக்குக் காது கேட்காது என்று சர்வருக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லி ஒரு டிஸ்க் வாங்க முடியாது என்பதும் புரிந்தது. அங்கே ஒவ்வொரு நொடியும் படங்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன தடவை வந்தது நரம்புக் கோளாறுங்க டாக்டர், அதனால கத்தி வைக்காம சரி பண்ணினேன். இப்போ உறுப்பே அழுகுது. மாற்று உறுப்பு வைக்கலைன்னா ஆள் தாங்காது."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் டிஸ்க்குகள் வந்தன, இந்த முறை கேபிள் அண்ணனிடமிருந்து இல்லை. முக்கால்வாசிக்கு மேல் படங்களைக் காப்பாற்றிவிட்டார். அவர் எடுத்து வைத்திருந்த நகல்களிலிருந்து இன்னும் கொஞ்சம் வந்தது. நகல் எடுப்பதற்கு முன்பே போய்விட்ட ஒரு வாரத்துப் படங்கள் மட்டும் திரும்பவில்லை.

அந்த நோயாளிகளைத் திரும்ப வரச்சொல்ல வேண்டும். "இன்னும் தெளிவா ஒரு படம் எடுக்கணும், இலவசம்னு சொல்லுங்க, சந்தோஷமா வருவாங்க" என்று மேனேஜரம்மா சொல்லிக்கொடுத்தார். சர்வர் போனைத் தானே வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவரிடமும், எங்கள் டிஸ்க் கெட்டுவிட்டது, உங்கள் படம் போய்விட்டது, தப்பு எங்களுடையது, சிரமம் பார்க்காமல் வாருங்கள் என்றார். சிலர் திட்டினார்கள். திட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டார். இரண்டு பஸ் மாறி வந்த இடுப்புவலிக்காரர் ஒருவர் மட்டும் அவர் அறை வாசலில் வந்து நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"படத்துல ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே, அப்போ என் இடுப்புல ஒண்ணும் இல்லையா தம்பி?"

"இடுப்புல என்ன இருக்குன்னு தெரியாதுங்க ஐயா. படம்தான் இல்ல."

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கேனுக்குப் படுக்கப் போனார். எது நல்லவேளை என்று சர்வருக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவர் திரும்பி வரும்வரை நின்று, கைத்தாங்கலாக ஆட்டோ வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

பெரிய டாக்டர் இப்போது கூட்டங்களில் இரண்டு கதை சொல்கிறார். கத்தியில்லாத சிகிச்சை ஒன்று, உறுப்பு மாற்றம் ஒன்று. இரண்டாவதில் அவரே பக்கத்தில் நின்று டார்ச் பிடித்ததாக வருகிறது. ஒருமுறை குடும்பத்தோடு வரச்சொல்லிச் சர்வரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடைக்கு அழைத்து நாலு வார்த்தை பேசவும் சொன்னார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவை ஒரு சின்ன பேட்டரியைத்தான் மாற்றினேன், மற்ற நேரமெல்லாம் தூங்கினேன் என்றார். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. எத்தனை நகைச்சுவை பாருங்கள் என்று டாக்டர் அவர் தோளில் தட்டினார். மாமியார் எழுந்து நின்றே தட்டினார்.

இறங்கி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தட்டவில்லை.

"சொல்லிட்டீங்க" என்றாள்.

"யாரும் கேக்கலையே."

"நான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, வெளியே செருப்பு மாறிவிடப் போகிறது, சீக்கிரம் வாருங்கள் என்று அவரைக் கிளப்பினாள்.