பதவி உயர்வுக்கு ஆன ஆண்டுகள்

குன்னூரில் ஒரு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில், மண் பரிசோதனைப் பிரிவில் விஞ்ஞானியாக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண், பெண் விஞ்ஞானிகளுக்கிடையே சம்பளத்தில் வேறுபாடு உண்டா என்று பட்டியலிட்டு அனுப்ப வேண்டும். இயக்குநர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். இப்படிப்பட்ட எழுத்து வேலைகள் பெரும்பாலும் பெண்களிடம்தான் வரும்.

"எல்லாருக்கும் ஒரே ஸ்கேல்தானுங்களே மேடம். வேறுபாடு இல்லைன்னு ஒரு வரி எழுதுனாப் போதும்," என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பணிப் பதிவேடுகளைப் புரட்டியபோது, பயிர் நோய்ப் பிரிவில் ஒரே நாளில் சேர்ந்த ஓர் ஆண், ஒரு பெண் இருவரின் பதிவேடுகள் அடுத்தடுத்துக் கிடைத்தன. அந்த ஆண் அப்போது பிரிவுத் தலைவர். அந்த அம்மா அவருக்கு இரண்டு படி கீழே. காரணம் பதவி உயர்வுப் படிவத்தில் இருந்தது. களப்பணிக்குத் தனி மதிப்பெண். பந்தலூர் தோட்டங்களுக்கு நோய் ஆய்வுக்காகப் போனவர்கள் பட்டியலில் அந்த அம்மா ஒரு வருடமும் இல்லை.

மதியச் சாப்பாட்டின்போது அவரிடமே கேட்டேன்.

"அட்டை கடிக்கும், தங்க எடமில்ல, லேடீஸுக்கு எதுக்குச் சிரமம்னாங்க. நானும் போறேன்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேனுங்க. அப்புறம் குடுக்கல. அவிய கொண்டாந்த எலையெல்லாம் நாந்தான் மைக்ரோஸ்கோப்புல பார்த்தேன்." குரலில் கோபமில்லை. டப்பாவைக் கழுவ எழுந்து போனார்.

பட்டியலில் இரண்டு கட்டங்கள் கூடுதலாகச் சேர்த்தேன். பதவி உயர்வுக்கு ஆன ஆண்டுகள் ஒன்று, களப்பணிக்கு அனுப்பப்பட்ட தடவைகள் இன்னொன்று. என் வரியையும் நானே நிரப்ப வேண்டியிருந்தது. களப்பணி வேண்டும் என்று நான் ஒருமுறைகூட எழுதிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இயக்குநர் அந்த இரண்டு கட்டங்களின் மேல் விரல் வைத்தார். "இதை அவங்க கேக்கலையேங்க."

"சம்பளம் எங்க பிரியுதுன்னு இதுலதானுங்க சார் தெரியுது."

கையெழுத்துப் போட்டார். தலைமையகத்திலிருந்து பதில் வரவில்லை. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் பந்தலூர் ஜீப்பில் அந்த அம்மாவுக்கும் எனக்கும் இடம் கிடைத்தது. செடிகளுக்கிடையே குனிந்து, கொப்புளம் விழுந்த கொழுந்து ஒன்றை அவர் கிள்ளாமலேயே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செடியில இருக்கறப்ப வேற மாதிரி இருக்குதுங்க," என்றார்.

உயர்வுக்குத் தேவையான மதிப்பெண் சேருமுன்பே, அதே பதவியில் அவர் ஓய்வு பெற்றார். எனக்கு அதற்கடுத்த வருடம் உயர்வு வந்தது.