ஒருத்திக்காக ஒரு சட்டமூலம்

அண்ணாவின் அகதி விண்ணப்பம் கடைசி முறையாகவும் நிராகரிக்கப்பட்டபோது, நான் ஓர் அமெரிக்க அரசியல்வாதியின் வாழ்க்கையைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தேன். மொன்றியலில் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை. எல்லைக்கு அப்பாலுள்ள ஆவணக் காப்பகம் ஒன்று தன் பழைய தாள்களை எங்களிடம் தந்திருந்தது.

அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாஷிங்டனுக்குப் போன காங்கிரஸ் உறுப்பினர். பண்ணையில் பிறப்பு, ஆசிரியர் வேலை, சட்டப் படிப்பு, முதல் தேர்தலில் தோல்வி, அடுத்ததில் வெற்றி. ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் போட்டேன். வெளிநாட்டவர் வருகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கெல்லாம் அவர் கை உயர்த்தியிருந்தார். அதையும் பதிந்தேன்.

அவர் கொண்டுவந்த சட்டமூலங்களில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பல, ஒரேயொரு ஆளுக்கானவை. இறந்த சிப்பாய் ஒருவனின் மனைவி. திருமணத்தை நிரூபிக்கத் தாள் இல்லாததால் ஓய்வூதியம் மறுக்கப்பட்டவள். அதை அவளுக்குக் கொடுக்கும்படி, அவள் பெயரையே எழுதி ஒரு சட்டமூலம். அண்ணாவிடமும் தாள் இல்லை. ஊரில் இராணுவம் அவரை அடைத்துவைத்த முகாமில் யாருக்கும் பற்றுச்சீட்டுக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாவிடம் சொன்னேன்.

"உன்ர கிழவன் செத்து எத்தினை வருசம்?"

"அது முக்கியமில்லை. ஒரு ஆளுக்காகவும் சட்டம் கொண்டுவரலாம் எண்டு சொல்லுறன்."

"அந்தாள் இருந்திருந்தா நான் வந்த கப்பலையே மறிச்சிருப்பான்."

சிரித்தார். ஆனால் மறுநாள் தன் நல்ல சட்டையைச் சுருக்கமில்லாமல் அழுத்தி வைத்திருந்தார்.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். தீர்ப்பு, அண்ணாவின் முதலாளி தந்த கடிதம், பிரெஞ்சு வகுப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தேன். உதவியாளப் பெண் பொறுமையாகக் கேட்டாள். இப்படியான விடயத்துக்கு இங்கே சட்டமூலம் கொண்டுவருவதில்லை, அமைச்சருக்கு எழுதுவோம் என்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னது பிடிபடாமல், வெளியே வந்ததும் அண்ணா கேட்டார்:

"என்னவாம்?"

"எழுதுவினமாம்."

"எழுதட்டும்."

அந்த வாரமே வேலையை முடித்து என் மேலாளரிடம் காட்டினேன். அவர் சென்னைக்காரர், நெடுங்காலமாக இங்கே இருப்பவர். தாள்களை முழுக்கப் படித்திருந்தார்.

"ஏம்மா, இந்த லேடி பேர்ல ஒரே ஒரு பில்தான் இருக்கு? ஒரிஜினல்ல நெறைய இருந்துச்சே."

"எல்லாம் டூப்ளிகேட். ஒண்டை வச்சிட்டு மிச்சத்தை அழிச்சிட்டன்."

"டூப்ளிகேட்டா? நல்லா வேலை பண்ணீங்க போங்க! ஒவ்வொரு தடவையும் கமிட்டியோட அது செத்துப்போகும். அடுத்த தேர்தல் முடிஞ்சு புது காங்கிரஸ் கூடுனதும் அதையே திரும்பக் கொண்டுவருவார்."

"கடைசியில நிறைவேறினதோ?"

"இல்லம்மா. அந்த அம்மா போயிட்டாங்க. அப்புறம் கொண்டுவந்து என்ன பண்றது?"

அழித்தவற்றையெல்லாம் மீட்டுப் பதிந்தேன். ஒவ்வொன்றிலும் அதே சொற்கள். எண்ணும் திகதியும் மட்டுமே வேறு. வென்றவளின் கதை என்று நான் நம்பியிருந்தது, என் கையால் துப்புரவாக்கியதால் வந்த நம்பிக்கை.

அமைச்சரிடமிருந்து பதில் வருமுன் நாடுகடத்தும் திகதியைச் சொல்லும் கடிதம் வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை மெட்ரோவில் பக்கத்து நகரான லவாலுக்குப் போய்ப் பயணப்பெட்டி பார்த்தோம்.

"சின்னன் காணும் அண்ணா. கெதியா திரும்பி வந்திடுவீங்கள்."

"பெரிசு எடு, பிள்ளை."

விடுமுறைக்கா என்று கடைப்பெண் பிரெஞ்சில் கேட்டாள். ஆமாம், பனி விழுமுன் திரும்பிவிடுவேன் என்று அண்ணா பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னார். இழுத்துப் பார்க்கும்படி அவள் பெட்டியை நீட்டினாள். வெறும் பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் கடைக்குள் நடந்தார்.

இனி யாரிடம் கேட்கலாம் என்று நான் மனதுக்குள் எண்ணினேன். தேவாலய ஆயர், முதலாளி, வழக்கறிஞர். எல்லோரிடமும் கேட்டாயிற்று. அமைச்சருக்கு இன்னொரு முறை எழுதச் சொல்ல, திங்கட்கிழமை நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் திறக்கும்போது வாசலில் நிற்பது என்று முடிவுசெய்தேன்.