மடியில் வாங்கிய பை

பஸ்ஸில் நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது எங்கள் ஏற்காட்டில் சாதாரணம். அன்று சேலம் பஸ்ஸில், ஒண்டிக்கடை ஸ்டாப்பில் ஏறிய ஒருவர், "ஏனுங்க அக்கா, மிளகுப் பைங்க. கொஞ்சம் வச்சுக்குங்க, எறங்குறப்ப வாங்கிக்கறேன்" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அடிவாரத்தில் போலீஸ் சோதனை. பையைக் கொட்டினார்கள். மேலே மிளகு, அடியில் கஞ்சாப் பொட்டலங்கள்! பதறிப்போய் அந்த ஆளைக் காட்டினேன். "இந்தம்மா யாருன்னே தெரியாதுங்க" என்றான் கூசாமல்.

"யார் கையில இருக்குதோ அவங்க மேலதாம்மா கேஸ். சொந்தத்துக்குன்னு துளி வச்சிருந்தா தண்டனை கம்மி. இவ்வளவு இருந்தா பத்து வருஷம் வரைக்கும் போகும். தெரியாம வாங்கினேன்னா நீங்கதான் நிரூபிக்கணும்" என்றார் அதிகாரி.

என்ன நியாயம் இது? எடை பார்க்கத் தெரிந்த சட்டத்துக்கு ஆளைப் பார்க்கத் தெரியாதா? அதைவிட ஆத்திரம், பஸ்ஸில் அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததுதான். எஸ்டேட்டில் வேலை செய்யும் ஓர் அம்மா மட்டும் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தார். "அவன் சொல்றது பொய்யுங்க சார்! என்ற தலைக்கு மேலதானுங்க பையை நீட்டுனான்!" அதன்பிறகுதான் கண்டக்டருக்கும் வாய் திறந்தது. அவனை இறக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போதும் பை வாங்கிக்கொள்கிறேன். ஆனால், "இது யார் பை? உள்ளே என்ன?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்திக் கேட்டு, பதில் வந்த பிறகுதான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நாளைக்கு எனக்குச் சாட்சி அவர்கள்தான்.

- ஒரு வாசகி, ஏற்காடு