யாருக்குக் குழாய், யாருக்கு வீடு

ரத்த வாந்தி என்று வருகிறவர்களில் யாருக்கு உடனே குழாய் விட வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் பிழைப்பு. செகந்திராபாத்தில் வயிறு, குடல் டாக்டர் என்று பேரே தவிர, பாதி நேரம் ஜோசியர் வேலைதான். நாடி, பிரஷர், ஹீமோகுளோபின், யூரியா, மயக்கம் போட்டாரா, மலம் கறுப்பாகப் போனதா என்று துருவித் துருவி மார்க் போடுவோம். மார்க் ஏற ஏற, வாய்வழியே எண்டோஸ்கோப்பிக் குழாய் விட்டு உள்ளே போய் ரத்தக் கசிவை அடைக்க வேண்டிவரும் என்று அர்த்தம். தேவையில்லாதவருக்குக் குழாய் விட்டால் திட்டு வாங்கலாம், போகட்டும். தேவைப்பட்டவரை அனுப்பிவிட்டால் போவது ஓர் உயிர். எமர்ஜென்சி வாசலில் கதிகலங்கி உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, கதவுக்கு உள்ளே இருக்கும் எங்களுக்கும் அதே கலக்கம்தான்.

முட்டைக்கு ஒரு கும்பிடு

குகட்பள்ளியிலிருந்து ஓர் அப்பா, இன்ஜினியரிங் படிக்கும் மகனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மகன் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, உண்டதையெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறான். கடைசி வாந்தியில் இழையாகக் கொஞ்சம் ரத்தம். குமட்டிய வேகத்தில் உள்ளே லேசாகக் கீறியிருக்கும். எல்லாம் பார்த்து மார்க் போட்டேன். "எவ்வளவும்மா?" என்றார் அப்பா. "பூஜ்யம்" என்றேன். மனிதர் முகம் தொங்கிப்போயிற்று. மார்க் என்றாலே அவருக்கு வேறு ஞாபகம்.

"சார், எங்கள் பரீட்சையில் பூஜ்யம்தான் முதல் ராங்க். குழாய் வேண்டாம், மாத்திரை தருகிறேன், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்றேன். மதுரைக்காரர். எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்: "இத்தன வருசத்துல நீ முட்ட வாங்குனதுக்கு நான் கும்பிடு போடுறது இதான்டா மொதத் தடவ!"

முழங்கால் போட்ட டீச்சர்

ஃபிலோமினா டீச்சர் ரிட்டையரானவர். கஞ்சி போட்ட புடவை, கலையாத கொண்டை. காபித்தூள் கரைத்த மாதிரி ஒரு தடவை வாந்தி எடுத்திருந்தார். மூட்டுவலி மாத்திரையை மிட்டாய் மாதிரி போட்டுக்கொள்கிறவர். மயக்கம் வந்ததா என்று கேட்டேன். "நக்கோ டாக்டர், மயக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல. கோயில்ல முழங்கால் போட்டேன், எழுந்திருக்கக் கொஞ்சம் லேட்டாச்சு" என்றார். பக்கத்தில் நின்ற கணவர் மெதுவாகச் சொன்னார்: "பூசை முடிஞ்சு ஃபாதரே வந்து தண்ணி தெளிச்சாரு டாக்டர்."

அந்த ஒரு வாக்கியம் மார்க்கை மேலே தூக்கிவிட்டது. டீச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினேன். உள்ளே புண்ணிலிருந்து ரத்தம் பீச்சிக்கொண்டிருந்தது. கிளிப் போட்டு நிறுத்தினோம். காட்டிக்கொடுத்த கணவரை மனதுக்குள் வாழ்த்தினேன். வீட்டுக்குப் போகும்போது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்களுக்காக தினம் வேண்டிக்குவேன் டாக்டர். ஆனா இனிமே சேர்ல உக்காந்துதான்."

நல்ல பதில்

என் ஜூனியர் கார்த்திக் சென்னையிலிருந்து வந்த புதிது. தங்கமான பிள்ளை, தெலுங்கு மட்டும் சுத்தமாகத் தெரியாது. மல்காஜ்கிரியிலிருந்து சுந்தரம் என்ற ரிட்டையர்டு ரயில்வேக்காரர், தலைசுற்றல் என்று மகள் லதாவோடு வந்தார். லதா இங்கேயே பிறந்து படித்தவள். தமிழில் கேட்டால் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும்.

"அப்பாவுக்கு மோஷன் எப்படிப் போகுது?" என்று கேட்டான் கார்த்திக். "நல்லகா அவுதுந்தி" என்றாள் லதா. "நல்லாவா?" "ஹவ், நல்லகானே!" என்று தலையாட்டி, ரெண்டு மூணு நாளாக என்று விரல் காட்டினாள். கார்த்திக்குக்குப் பரம திருப்தி. நாடியும் பிரஷரும் சுமாராக இருந்தன, ரத்த ரிப்போர்ட் வரவில்லை. கேஸ் மாத்திரை எழுதி அனுப்பிவிடலாமா என்று என்னிடம் வந்தான். "மோஷன் நல்லகா போகுதாம் மேடம்" என்று அவள் சொன்னபடியே சொல்லிச் சிரித்தான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. உள்ளே கசிந்த ரத்தம்தான் அப்படிக் கறுத்து வெளியே வரும். ஓடிப்போய்ப் பெரியவரையே கேட்டேன். மகள் எதிரில் எப்படிச் சொல்வது என்று நெளிந்துவிட்டு, "தார் ரோடு போட்ட மாதிரிம்மா" என்றார். அதற்குள் ரிப்போர்ட்டும் வந்தது. ஹீமோகுளோபின் பாதாளத்தில். அவசரமாக ரத்தம் ஏற்றிக் குழாய் விட்டோம். சிறுகுடல் முகப்பில் பெரிய புண், நடுவில் வெடிக்கக் காத்திருந்த ஒரு ரத்தக் குழாய். அதை அடைத்து முடித்தபோது கார்த்திக் அழுதேவிட்டான். மனிதர் வீட்டுக்குப் போயிருந்தால், நினைக்கவே முடியவில்லை.

கிளம்புகிற அன்று கார்த்திக் தயங்கித் தயங்கி, "இப்ப எப்படி இருக்கீங்க சார்?" என்றான். பெரியவர் அவன் தோளில் கை வைத்தார். "நல்லா இருக்கேன் தம்பி. எழுதிக்கோங்க, தமிழ் நல்லா!"

யாருக்கு எப்போது கசியும் என்று முன்கூட்டிச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன், ஆனால் பிழைத்து எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பி என்ன சொல்லி என் கண்ணைக் கசிய வைப்பார் என்று மட்டும் இன்றுவரை ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.