ஜெயசீலி கேட்ட அறை

ஜெயசீலி நாடகத்துக்கு வந்தது 1981இல். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் அவள் டைப்பிஸ்ட். சிட்லபாக்கத்தில் பேங்க், ரயில்வே, தபால் ஆபீஸ் என்று வேலை பார்த்த பதினெட்டு ஆண்கள் சேர்ந்து ஒரு நாடகக் குழு நடத்திவந்தார்கள். கலை, சமுதாயம் என்றெல்லாம் மேடையில் பேசுவார்கள். தங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியையும் மேடையேற விடமாட்டார்கள். அதனால் மனைவி, மாமியார், வேலைக்காரி எல்லாம் ஜெயசீலிதான். சில நாடகங்களில் மூன்றும் அவளே.

பள்ளிக்கூட வராந்தாவில் ரிகர்சல், கல்யாணப் பந்தலில் நாடகம். இரண்டு பெஞ்சுக்கு நடுவே போர்வையைக் கட்டி, அதன் பின்னால் சேலை மாற்றிக்கொள்வாள். காற்றடித்தால் ஒரு கையால் போர்வையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1985இல் ஏரிக்கரைப் பக்கம் மூடிக் கிடந்த ரைஸ் மில் கொட்டகை ஒன்றைக் குழு வாங்கியது. அதை அரங்கமாக மாற்ற வரைபடம் போட்டார்கள். மேடைக்கு இடப்பக்கம் ஆண்களுக்கு ஓர் அறை, வலப்பக்கம் பெண்களுக்கு ஓர் அறை. தாளில் அந்தச் சின்னச் சதுரத்தைப் பார்த்தவள்தான். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் நேராக வந்து மணல் சலித்தாள். காலையில் ரயிலுக்குப் போகுமுன் புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

1987இல் திறப்பு விழா. வலப்பக்க அறைக் கதவில் 'செயலாளர்' என்று பலகை தொங்கியது. உள்ளே மேஜை, பீரோ, ஷீல்டுகள், ஒரு டேபிள் ஃபேன்.

"அடுத்த வருஷம் பின்னாடி ஒரு ரூம் போட்டுடலாம்மா. அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார் செயலாளர் சுப்ரமணியன்.

அட்ஜஸ்ட் என்பது எதிர்வீட்டு சுப்புலட்சுமியின் சமையலறை. மனைவி வேஷத்தில் தெருவைக் கடந்து ஓடி, மாமியாராக மாறித் திரும்ப ஓடிவர வேண்டும். டீக்கடையில் நின்ற பையன்கள் போகும்போது ஒரு விசில், வரும்போது ஒரு விசில் அடிப்பார்கள். மூன்று வருஷம் ஓடினாள். அடுத்த வருஷம் வரவேயில்லை.

1990 நவம்பரில், கொட்டும் மழையில், தெரு நடுவே வழுக்கி விழுந்தாள். முழங்கை சிராய்த்து, சேலையெல்லாம் சேறு. அப்படியே மேடைக்குப் போனாள். சோகக் காட்சியில் சனம் சிரித்தது. திரை விழுந்ததும் டைரக்டர் வைத்தீஸ்வரன் பாய்ந்தார். "டைமிங் போச்சு! மொத்த நாடகத்தையும் கவுத்துட்டியே!"

அவள் அந்த வாரம் முழுக்க ஆபீஸில் ரிப்பன் கிழிகிற மாதிரி டைப் அடித்தாள்.

பொங்கல் நாடகத்தன்று சாயங்காலம் நாலு மணிக்கே வந்தாள். செயலாளர் அறைக்குள் போய், மேஜையை வெளியே தள்ளினாள். ஷீல்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் அடுக்கினாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

சுப்ரமணியன் கதவைத் தட்டினார். "ஜெயசீலி, இதெல்லாம் நல்லா இல்ல. இது ஆபீஸ் ரூம்!"

மேடையில் செந்தமிழ் பேசுகிற அவள் வாயிலிருந்து வீட்டுப் பேச்சு வெடித்தது. "இன்னா சார் ஆபீஸு? மணல் சலிக்கச் சொல்ல நான் வேணும், துணி மாத்தறதுக்கு நான் தெருவுக்குப் போவணுமா? உங்க வூட்டு அம்மாவ அப்படி ஓட வுடுவீங்களா?"

ஆறரைக்குத் திரை தூக்கினார்கள். அவள் நிதானமாக வெளியே வந்து, ஒரு வசனம் பிசகாமல் நடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதன்பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. நீக்கவும் இல்லை, பத்து வருஷம் நடித்தவளை உறுப்பினராகவே சேர்க்காதபோது எதிலிருந்து நீக்குவது? செல்வமேரி என்று ஒரு புதுப்பெண் வந்தாள். சுப்ரமணியன் பலகையைக் கழற்றிவிட்டு அந்த அறையை அவளுக்குக் கொடுத்தார் என்று சுப்புலட்சுமி சொன்னாள். ஜெயசீலி அறை வேண்டும் என்றுதானே கேட்டாள்; மேடை வேண்டாம் என்றா சொன்னாள்?

1997இல் அரங்கத்தின் பத்தாண்டு விழா. அழைப்பு வரவில்லை. விழா மலர் மட்டும் சுப்புலட்சுமி மூலம் கைக்கு வந்தது. அதில் அரங்கத்தின் வரலாறு எட்டுப் பக்கம். 'பெண் கலைஞர்களின் கௌரவம் கருதி, தொடக்கம் முதலே தனி அறை அமைத்த பெருமை செயலாளரையே சாரும்.' பக்கத்தில் அவளும் வைத்தீஸ்வரனும் நிற்கும் படம். கீழே, 'காட்சி ஒன்றில் வைத்தீஸ்வரன்.'

மறுநாள் காலை சுப்ரமணியன் வீட்டுக்குப் போனாள்.

"இத மாத்திப் போடுங்க சார்."

"பழசையெல்லாம் எதுக்கும்மா கிளறிக்கிட்டு? அச்சாகிப் போச்சு."

"பொய்யும்தான் அச்சாகிப் போச்சு."

ஆபீஸுக்குப் போய், நடந்ததை ஒரே பக்கத்தில் டைப் அடித்தாள். தேதி போட்டாள், மழை, சேறு, சமையலறை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருநூறு ஜெராக்ஸ் எடுத்தாள். அன்று சாயங்காலம், விழாவின் இரண்டாம் நாள், அரங்க வாசலில் நின்று, வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுத்தாள். சிலர் படித்தார்கள். சிலர் விசிறிக்கொண்டார்கள். "ஏம்மா இந்த வயசுல இதெல்லாம்?" என்றார் ஒருவர். அவருக்கு இரண்டு காகிதம் கொடுத்தாள்.

பாதி மேக்கப்போடு செல்வமேரி வாசலுக்கு ஓடிவந்தாள். கையில் கசங்கிய காகிதம். "அக்கா, இது நெசமா?"

"நெசம்."

"முதல்லேர்ந்தே இந்த ரூம் இருந்துச்சுன்னு என்கிட்ட சொன்னாங்களே."

செல்வமேரி ஒரு கட்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அறைக் கதவில் ஒன்றை ஒட்டினாள். சுப்ரமணியன் கிழித்தார். இன்னொன்றை ஒட்டினாள். எல்லாரும் பார்க்க, மூன்றாவதைக் கிழிக்க அவருக்குக் கை வரவில்லை.

அடுத்த வருஷம் பொதுக்குழு செல்வமேரியை உறுப்பினராகச் சேர்த்தது. ஜெயசீலிக்கும் ஒரு படிவம் தபாலில் வந்தது. 'சேர்ந்த ஆண்டு' என்ற இடத்தில் 1998 என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதை அடித்து 1981 என்று போட்டு அனுப்பினாள். பதிலே வரவில்லை.