அண்ணன் கடை வாசல் சாய்தளம்

இந்த நினைவு மலரைக் கையில வச்சிருக்க மாமன்மாரு, சித்தப்பன்மாரு, சேக்காளிக எல்லாருக்கும் கும்பிடு. அண்ணனைப் பத்தி எழுதுன்னு மதினி சொன்னாக. எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பேசுற மாதிரிதான் வரும், பொறுத்துக்கங்க.

அண்ணன் பொறந்தது நேமத்தான்பட்டியில. நகை வேலை பாத்த அப்பா காலமானப்ப அண்ணனுக்கு மீசைகூட மொளைக்கல. பட்டறையில ஊதுகுழல் ஊதிக்கிட்டே செல்போன் ரிப்பேர் கத்துக்கிட்டு, காரைக்குடியில கடை போட்டு எங்களைக் கரையேத்துனாக. என்னைத் திட்டித் திட்டியே வளத்தாக.

கடைக்குப் புதுவயல் தெய்வானை வேலைக்கு வந்துச்சு. சின்னதுலயே ரெண்டு காலும் வெளங்காம சக்கர நாற்காலிதான். செல்போனுக்குள்ள ஈயம் பத்த வைக்கிற வேலையில கை ஆடாது. வாசல்ல உசரமான படி, தெனம் தூக்கித்தான் உள்ள விட்டோம். ஒருநா சொல்லிருச்சு: "அண்ணே, அரிசி மூட்டை மாதிரி என்னைத் தூக்காதீக. நானா ஏறி வர வழியிருந்தா வர்றேன். இல்லாட்டி வேலைய விட்டு நின்னுக்கிறேன்."

அண்ணன் உடனே சாய்தளம் கட்டுனாக. கட்டுனவுக சும்மா இருந்தாகளா? "நம்ம ஊரு கடைக்கு ஆத்தங்குடிக் கல்லுதான்டா அழகு"ன்னு வீட்டுக்குள்ள பதிக்கிற பூக்கல்லைப் பதிச்சு, தேங்காய் எண்ணெய் போட்டுப் பளபளன்னு தேச்சும் விட்டாக. தெய்வானை பாதி ஏறுச்சு. அங்கேருந்து சக்கரம் வழுக்கிப் பின்னாலயே போயி, ரோட்டுல நின்ன பொரி வண்டியில முட்டுச்சு. முழங்கையில சிராய்ப்பு, மடியெல்லாம் பொரி.

"வேலைக்குக் கூப்டீகளா, சறுக்கு விளையாடக் கூப்டீகளா?"ன்னு கேட்டுட்டுப் போனது, மறுநாள் வரல.

அண்ணனுக்குச் சோறு எறங்கல. ஒரு சக்கர நாற்காலிய இரவல் வாங்கி, அவுகளே உக்காந்து ஏறப் பாத்தாக. கடைவீதியே வேடிக்கை பாக்குது. "அண்ணே, தேரு நகரலையே, வடம் பிடிக்கவா?"ன்னேன். "கிட்ட வந்தே, பல்லைப் பேத்துருவேன்"னாக. மூச்சு வாங்குனப்பதான் சரிவு செங்குத்துன்னு புரிஞ்சுச்சு. கல்லைப் பேத்துட்டு, நீளமா சொரசொரன்னு சிமெண்டுல போட்டு, பிடிக்கக் கம்பியும் வச்சாக. உள்ள வந்தா மேசை மறைக்குது. "இங்கேருந்து ஆளு மூஞ்சியே தெரியலடா"ன்னு மேசையத் தாழ்த்துனாக. கக்கூஸ் கதவையும் அகலமாக்குனாக.

அப்புறம் புதுவயலுக்கே போயி நின்னாக.

"எண்ணெய் தேச்சிருக்கீகளா?"

"இல்ல தாயி. நானே ஏறி எறங்கிப் பாத்துட்டேன்."

மறுநாள் தெய்வானை தனியா ஏறி வந்து தன் எடத்துல வண்டிய நிறுத்துச்சு. அண்ணன் டீ சொன்னாக. அதுக்கப்புறம் கம்பூனி வர்ற பெரியவுக, கைப்புள்ள வண்டி தள்ளுற தாய்மாரு எல்லாம் நம்ம கடைக்குத்தான்.

நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணன் கண்ணாடிப் பெட்டியில திரும்பி வந்தாக. கடை வாசலைச் சரி பண்ணுன அண்ணன் சொந்த வீட்டுப் படிய அப்படியே விட்டுட்டாக. தெய்வானை தெருவுலயே இருந்துச்சு. தூக்கப் போனவுககிட்ட வேணாம்னு தலையாட்டுச்சு. எனக்குத் தாங்கல. பங்காளிகளைக் கூப்பிட்டு, அண்ணனை நாங்க தெருவுக்கு எறக்கி, அது கண்ணுக்கு நேரா வச்சோம்.

அன்னைக்குத் தோள் கொடுத்தவுக, ஆஸ்பத்திரியில கூட இருந்தவுக, மதினிக்குச் சோறு ஊட்டுன அக்கம்பக்கத்து ஆளுக எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறோம். கடையத் தெய்வானையும் நானும் பாத்துக்கிறோம். வீட்டு வாசல்லயும் இப்பக் கொத்தனாரு சாய்தளம் போட்டுட்டாரு.

சரிவு சரியா இருக்கான்னு தெரியலண்ணே. ஒருக்கா வந்து ஏறிப் பாத்து, என்னைத் திட்டிட்டுப் போங்களேன்.