பிள்ளையார் கலண்டருக்குப் பின்னால் ஒரு சுவிச்

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாரிடமும் சாமிக்கு வைத்த ஒரு நேர்த்தி இருந்தது. என்னிடம் மட்டும் இல்லை.

வன்னியில் சண்டை முடியப்போகிற மாதங்கள் அவை; நாங்கள் கடல் கடந்து ஒரு குளிர் நாட்டில் இருந்தோம். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்த அந்தக் கடற்கரைத் துண்டுக்குள் அகப்பட்டிருந்தார். தைப்பொங்கலுக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அம்மா செவ்வாயும் வெள்ளியும் ஒருநேரச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார். அப்பா றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, மாமா வெளியே வந்தார் என்று கேட்கும்வரை முகம் வழிப்பதில்லை, மச்ச மாமிசம் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார். எனக்குப் பத்து வயது. நானும் விரதம் பிடிக்கப்போகிறேன் என்றால் அம்மா விடவில்லை.

"வளருற பிள்ளை சாப்பிடோணும். நீ கும்பிட்டாக் காணும்."

கும்பிடுவதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லையே, நட்டமில்லாமல் கேட்டால் பிள்ளையார் தருவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ரெக்ஸ்டேலில் நாங்கள் இருந்தது பழைய வீடு. பேஸ்மென்றில் ஒரு பொயிலர் நின்று தண்ணீரைச் சுட வைத்து, அறைக்கு அறை இருந்த இரும்பு ரேடியேற்றர்களுக்கு அனுப்பும். பேஸ்மென்ற் படி தொடங்குகிற இடத்தில், சுவரில் ஒரு சிவப்புச் சுவிச் இருந்தது. அது எதற்கென்று அப்பாவுக்குத் தெரியாது. தெரியாததில் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று, வீட்டுக்கு வந்த கிழமையே அதன் மேலிருந்த ஆணியில் தமிழ்க் கடையில் தந்த பிள்ளையார் கலண்டரைக் கொழுவி மறைத்துவிட்டார். பிறகு அப்படி ஒரு சுவிச் இருந்ததையே மறந்துபோனார்.

காலையில் அந்தக் கலண்டரில் தாள் கிழிப்பது என் வேலை. ஒருநாள் கிழிக்கும்போது கை பட்டு சுவிச் கீழே தட்டுப்பட்டது. கீழே பொயிலரின் உறுமல் நின்றது. பயத்தில் மேலே தட்டினேன். திரும்ப உறுமியது. ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

சித்திரை பிறந்தும் பனி கொட்டிய ஒரு நாள், அம்மா ரேடியேற்றரில் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். "அவன் அங்க மண்ணுக்குள்ள கிடக்கிறான். எனக்கு இஞ்ச சூடு கேக்குது" என்று தன்பாட்டில் சொன்னார். எனக்கு வழி கிடைத்துவிட்டது. அடுத்த நாள் காலை தாளைக் கிழித்துவிட்டு, "பிள்ளையாரப்பா, மாமா வெளியால வருமட்டும் எனக்குச் சூடு வேண்டாம்" என்று சொல்லி, கலண்டருக்குப் பின்னால் கையை விட்டு சுவிச்சைக் கீழே தட்டினேன். பெரிய மனுஷி மாதிரிப் பள்ளிக்கூடம் போனேன்.

எனக்கு என்றுதான் சொன்னேன். அந்த வீட்டில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒன்று ஆறு மாதத் தங்கச்சி என்பது என் புத்தியில் ஏறவில்லை.

பின்னேரம் வந்தபோது அப்பா கோட்டும் தொப்பியுமாகப் பொயிலருக்கு முன்னால் குந்தியிருந்தார். மேலே சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டிக்கு இரண்டு தரம் புது பற்றரி போட்டாயிற்று. கரண்ட் பெட்டியில் இருந்த சுவிச் எல்லாவற்றையும் இறக்கி ஏற்றியதில் வீட்டு மணிக்கூடுகள் எல்லாம் பன்னிரண்டு என்று மின்னிக்கொண்டிருந்தன. கடைசியில் அப்பா பொயிலரோடு கதைக்கத் தொடங்கினார்.

"நேற்றைக்கு நல்லாத்தானே இருந்தனி? உனக்கு என்ன வந்தது?" பிறகு எங்களைப் பார்த்து, "ஒரு லைற்றும் இல்லை. பிரேதம் மாதிரிக் கிடக்குது" என்றார்.

"இந்த நேரத்தில உந்தச் சொல்லு ஏன் உங்கட வாயில வருது?" என்று அம்மா படியில் நின்று சீறினார். அப்பா வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று தங்கச்சியை அம்மா தன் கோட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அடுத்த நாள் காலை அவள் இருமினாள். நான் மூன்று தரம் கலண்டருக்குக் கிட்டப் போய் மூன்று தரமும் திரும்பி வந்தேன். சுவிச்சை ஏற்றினால் மாமா போய்விடுவார். ஏற்றாவிட்டால் தங்கச்சி இருமுகிறாள். பத்து வயதில் அதற்குமேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

திருத்துகிற கொம்பனி திங்கட்கிழமைதான் வரலாம் என்றது. அப்பா போய்த் தெரு முடிவில் இருந்த முஸ்லிம் அண்ணரை, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரை, கூட்டிவந்தார். அந்தத் தெருவில் தமிழ் கதைக்கிற மற்ற வீடு அவருடையதுதான். வீடுகளுக்குச் சூடு பூட்டுகிற வேலை அவருக்கு. பொயிலரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணை, சிவப்புச் சுவிச் எங்க?"

"அப்பிடி ஒண்டும் இல்லையே, நானா."

"இருக்கும். படித் தலைப்பில இருக்கும். நீங்கள் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு கீழ நில்லுங்கோ."

மேலே வந்தவர் கலண்டருக்கு முன்னால் நின்றார். அதன் ஓரத்தில் சிவப்புத் தெரிந்தது. அவர் கை நீட்டவில்லை.

"மகள், இது உங்கட சாமிப் படம். நான் தொடுறது சரியில்லை. நீங்களே கழட்டித் தாங்கோ."

நான் கலண்டரை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். "மாட்டன்."

"ஏன்?"

"மாமா செத்துப்போவார்."

அவர் படியில் இருந்துவிட்டார். நான் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை.

"நேத்தி ஆருக்கு வைச்சனீங்கள்? உங்களுக்கோ, வீட்டுக்கோ?"

"எனக்கு."

"அப்ப ஏன் சின்ன ஆள் இருமுறா?"

நான் தங்கச்சி இருந்த அறைப் பக்கம் பார்த்தேன். "உங்கட அறை எது?" என்று கேட்டு எழும்பினார். என் அறை ரேடியேற்றரின் திருகுபிடி எப்போதோ உடைந்துபோய், வெறும் இரும்புக் காம்பு மட்டும் நின்றது. பையிலிருந்து குறட்டை எடுத்து அதைப் பிடித்து இறுக்கிப் பூட்டினார்.

"உங்கட சூடு நிண்டிட்டுது. சொன்ன சொல்லு சொன்னதுதான். இனி மற்ற ஆக்கள்ட சூட்டை விடுவமோ?"

நான் போய்க் கலண்டரைக் கழற்றினேன். அவர் சுவிச்சை ஏற்றினார். கீழே உறுமல் கேட்டது. "நானா, உயிர் வந்திட்டுது!" என்று அப்பா கத்தினார்.

"அப்பாட்ட சொல்லாதேங்கோ" என்றேன்.

"அப்பாட்ட சொல்லமாட்டன்" என்று சத்தியம் மாதிரிச் சொன்னார். அப்பா மேலே வந்து என்ன பிழை என்று கேட்டபோது, "கரண்ட் வாற வழியில ஒரு சின்னத் தடங்கல் அண்ணை, எடுத்துவிட்டன்" என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது, "அண்ணை, உங்கட தாடி என்ர தாடியைவிட வடிவா வந்திருக்கு" என்று பகிடி விட்டார். அப்பா சந்தோசமாக, "நானா எந்த இடம்?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம்தான் அண்ணை. தொண்ணூறாம் ஆண்டு மட்டும் அங்கதான் இருந்தனாங்கள்."

யாழ்ப்பாணம் என்றால் எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்று ஒரு மணித்தியாலம் விடாத அப்பா, அன்று தலையைக் குனிந்து ஆறிப்போன தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் எங்கள் ஆட்களே ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் என்பது நான் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

"உங்கட தம்பி வருவார், இன்ஷா அல்லாஹ்" என்று நானா அம்மாவிடம் சொன்னார். அப்பா கதவடிக்கு அவருடைய சப்பாத்தை எடுக்கப் போன இடைவெளியில் இன்னும் ஏதோ மெதுவாகச் சொன்னார். போகும்போது குறட்டைச் சமையலறை மேசையில் விட்டுவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வெளிக்கிட்ட அப்பாவை, "கிடக்கட்டும், அவரே வந்து எடுப்பார்" என்று அம்மா மறித்தார்.

அன்றிலிருந்து வீடெல்லாம் சூடு, என் அறை மட்டும் குளிர். இரண்டு போர்வைக்குள் மாமாவை நினைத்துக்கொண்டு நித்திரையாவேன். ஆனால் விடியக் கண் விழிக்கும்போது அறை அவ்வளவு குளிராது. ரேடியேற்றரைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். பூட்டிய இரும்பில் சூடு வருகிறதே, பிள்ளையார் என் நேர்த்தியை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று உடம்பெல்லாம் சிலிர்க்கும். இப்போது அதே நகரத்தில், ரூஜ் பக்கம், எனக்கென்று ஒரு வீடும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது அந்த இளஞ்சூட்டுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அது பிள்ளையார் தந்ததுதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

வைகாசியில் சண்டை முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அதற்குப் பிறகும் பல நாள் வீட்டில் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. பிறகு ஒரு காலை, யாரோ ஒருவருடைய போனில், முகாமிலிருந்து மாமாவின் குரல் வந்தது. காலில் காயம், ஆனால் உயிர் இருக்கிறது. அம்மா போனைப் பிடித்தபடி சமையலறை நிலத்தில் இருந்துவிட்டார். அப்பா அழுதுகொண்டே முகம் வழித்தார்.

"அம்மா, என்ர அறை ரேடியேற்றரைத் திறக்கோணும்" என்றேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. கரண்டிகளுக்கு நடுவிலிருந்து குறட்டை எடுத்துக்கொண்டு வந்து, எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் ஒரே திருகில் திறந்துவிட்டார்.

அன்று மோதகம் அவித்தார். படைக்கும்வரை வாசம் பிடிக்கவும் எங்களை விடாத அம்மா, பிள்ளையாருக்கு வைக்க முதலே ஒரு பங்கை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"அம்மா! சாமிக்கு முதலோ?"

"படைச்சதை நானா சாப்பிடமாட்டார். அதால முதல் எடுத்தனான். பிள்ளையார் கோவிக்கமாட்டார்."

நானா வந்தார். அம்மா மோதகப் பெட்டியையும் குறட்டையும் இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் குறட்டைத் திருப்பிப் பார்த்தார். பிடி முழுக்கச் சமையல் கையின் மஞ்சள் ஏறியிருந்தது.

"இது என்னட்ட இருந்ததைவிட இஞ்சதான் கூட வேலை செய்திருக்கு போல, தங்கச்சி" என்றார்.

அம்மா சிரித்தார். அந்த வருடத்தில் அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். எங்கள் சமையலறையில் ஒரு குறட்டுக்கு அப்படி என்ன வேலை இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நான் என் மோதகத்தைக் கடித்தேன்.